சைரனுக்குப் பழகிய உடம்பு

அத்திப்பட்டு புதுநகர் ரயில் நிலையத்தில் காலை நேரத்தில் நின்றால், ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் முகத்தை வைத்தே பிரித்துவிடலாம். இறங்குகிறவர்கள் பகல் ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள். கையில் சாப்பாட்டுப் பை, நடையில் அவசரம். ஏறுகிறவர்கள் நைட் முடித்தவர்கள். சீட் கிடைத்தால் உட்கார்ந்த நொடியில் தலை சாய்ந்துவிடும். கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்தபடியே கண் செருகும். அதே ஆள் வீட்டுக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டு, பாயில் படுத்தால் தூக்கம் வராது. வெளியே வெயில், தெருவில் சத்தம், உடம்புக்குள் இன்னும் இறங்காத ஷிப்ட்.

இந்த வட்டாரம் முழுக்க இரவு பகல் பாராமல் ஓடும் இயந்திரங்களின் ஊர். 1990-களின் நடுவில் 210 மெகாவாட் அலகுகள் மூன்றுடன் ஓடத் தொடங்கிய வடசென்னை அனல்மின் நிலையத்தில் பிறகு 600 மெகாவாட் அலகுகள் இரண்டு சேர்ந்தன. 2024 மார்ச்சில் 800 மெகாவாட்டின் மூன்றாம் கட்டமும் திறக்கப்பட்டது. பக்கத்து வல்லூரில் 1,500 மெகாவாட். கடலோரத்தில் 2001-ல் திறந்த எண்ணூர் துறைமுகம், அதாவது இன்றைய காமராஜர் துறைமுகம். அதை ஒட்டிக் காட்டுப்பள்ளித் துறைமுகம். நடுவே எண்ணெய்க் கிடங்குகள், சாம்பல் குளங்கள், டிரெய்லர் லாரிகளின் வரிசை. இதே ரயில் பாதையில் வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட். இங்கே வேலை செய்கிறவர்களில் உள்ளூர்க்காரர்களும் உண்டு. ஒடிசா, பீகார், அசாமிலிருந்து வந்து ஒரே அறையில் ஏழெட்டுப் பேராகத் தங்கியிருப்பவர்களும் உண்டு.

உடம்பு எப்படி இருக்கிறது என்று இவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “பழகிடுச்சுங்க.” டர்பைன் இரைச்சல் பழகிவிட்டது. கரித்தூசி பழகிவிட்டது. மூன்று மணிக்கு டீ, நாலு மணிக்குப் புகையிலை கலந்த மாவா, ஆறு மணிக்கு முதுகுவலி, எல்லாம் பழகிவிட்டது. பொறுத்துக்கொள்ளும் திறன் என்று இதைப் பாராட்டலாம். ஆனால் உடம்பு கொடுத்துக்கொண்டே இருந்த ஒரு சேதியைக் கேட்காமல் விட்டுவிட்டோம் என்பதும் அந்தப் பதிலுக்குள் இருக்கிறது. பழக்கங்களைக் கவனிப்பது, மூச்சைக் கவனிப்பது என்பதெல்லாம் இன்று ஐ.டி. கம்பெனிகளிலும் செல்போன் ஆப்களிலும் காசு கொடுத்து வாங்கும் சரக்காகிவிட்டது. என்னைக் கேட்டால், அதன் மெய்யான தேவை உடம்பையே முதலாகப் போட்டுப் பிழைக்கும் மனிதர்களிடம்தான் இருக்கிறது. முதல் தேய்கிறதா, நிற்கிறதா என்று தெரியாமல் எந்த வியாபாரியும் கடை நடத்த மாட்டார்.

நரம்பு கற்றுக்கொள்ளும் மறதி

கடல்நத்தை வகையைச் சேர்ந்த அப்ளிசியா என்ற உயிரை வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் எரிக் காண்டல். அதன் தோலை மெல்லத் தொட்டால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். தொட்டுக்கொண்டே இருந்தால் இழுப்பது குறையும். பிறகு ஏறத்தாழ நின்றுவிடும். தொடுகையை உணரும் நரம்பு செல், அடுத்த செல்லுக்கு அனுப்பும் வேதிப்பொருளின் அளவைக் குறைத்துக்கொள்கிறது என்று அவர் காட்டினார். நினைவு எப்படி உருவாகிறது என்பதை விளக்கிய இந்த ஆய்வுகளுக்காக 2000-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நம் நரம்பு மண்டலமும் இதையேதான் செய்கிறது. மாறாமல் வந்துகொண்டிருக்கும் சத்தம், வாடை, அழுத்தம் ஆகியவற்றை ‘புதிதில்லை’ என்று ஓரங்கட்டிவிடுகிறது. அப்படிச் செய்யாவிட்டால் நம்மால் ஒரு வேலையிலும் மனம் செலுத்த முடியாது. ஆபத்து என்னவென்றால், தீங்கானதையும் அது அப்படியே ஓரங்கட்டும்.

இரைச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரம் இயந்திரத்தின் அருகே நின்றவருக்கு ஷிப்ட் முடிந்ததும் காதில் ஒரு ரீங்காரம் இருக்கும். வீட்டுக்கு வந்து டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்வார். காலையில் அதே அளவு வைத்தால் அவருக்கே அதிகமாகத் தெரியும். காதின் உள்ளே இருக்கும் மயிரிழை செல்கள் தற்காலிகமாகக் களைத்துப்போனதன் அடையாளம் இது. திரும்பத் திரும்பக் களைத்தால் ஒருநாள் அவை மீளாது. இறந்த செல் முளைப்பதில்லை. ஆனால் அந்த நிலைக்கு வருவதற்கு முன்பே ரீங்காரத்தைக் கவனிப்பதை மனிதர் நிறுத்தியிருப்பார். “எனக்கு நல்லாத்தான் கேக்குது” என்பார். காது மந்தமானதை வீட்டில் மனைவியும் பிள்ளைகளும்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.

வாடையும் இப்படித்தான். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, சின்னக்குப்பம், பெரியகுப்பம், பர்மா நகர் மக்கள் கண் எரிந்து, நெஞ்சடைத்து எழுந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உடம்பு கொடுத்த எச்சரிக்கைதான் அந்த இரவில் அவர்களை எழுப்பியது. அதே பகுதியில் வருடக்கணக்காகச் சிறிது சிறிதாக வரும் வாடைகளுக்கு எழுந்து ஓடியவர் யாரும் இல்லை. மூக்கு அவற்றைச் சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டது.

ஆகவே கவனித்தல் என்று நான் சொல்வது, ஓரங்கட்டப்பட்ட சேதியை மறுபடி நடுவில் இழுத்து வைப்பதை. கண்ணை மூடிச் சம்மணமிட்டு உட்கார்வதற்கு முன்னால் செய்யவேண்டிய, இன்னும் எளிதான வேலை அது. பெர்னார்தினோ ரமாஸினி என்ற இத்தாலிய மருத்துவர் 1700-ல் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் மருத்துவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, என்ன தொழில் செய்கிறாய் என்பதையும் கேட்கவேண்டும் என்றார். முந்நூறு வருடம் கழிந்தும் பல கிளினிக்குகளில் அந்தக் கேள்வி வருவதில்லை. எனவே பதிலை நாமே கையில் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு சின்ன நோட்டு போதும். இருமல் எப்போது வருகிறது, ஷிப்ட் நாளிலா, லீவிலுமா? ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருந்தால் குறைகிறதா? தலைவலி எந்த வேலையில், எந்த இடத்தில்? லீவில் குறைந்து வேலைக்குத் திரும்பியதும் கூடும் இருமலுக்கு, பீடியை மட்டும் காரணம் சொல்லி முடித்துவிட முடியாது. இரண்டு வாரம் எழுதிய அந்த நோட்டை ஈ.எஸ்.ஐ. மருத்துவரின் மேஜையில் வைத்தால், “ரொம்ப நாளா இருக்குது டாக்டர்” என்ற ஒரு வரியைவிட அது நூறு மடங்கு பேசும். இரைச்சலால் வரும் காது மந்தம், தூசியால் வரும் நுரையீரல் நோய்கள் எல்லாம் ஈ.எஸ்.ஐ.க்கு உரிய தொழில்நோய்ப் பட்டியலில் இருப்பவை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பதினேழு மணி நேர விழிப்பு

மனமும் உடம்பும் தனித்தனி என்று நினைப்பவர்கள் ஒரு நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வரலாம். மூளைக்குள், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு சிறு செல் கூட்டம் இருக்கிறது. கண்ணுக்கு வரும் வெளிச்சத்தை வைத்து அதுதான் உடம்பு முழுமைக்கும் நேரம் சொல்கிறது. இந்த உள்கடிகாரம் ஜீன்களின் அளவில் எப்படி ஓடுகிறது என்பதைக் கண்டதற்காக 2017-ல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு நோபல் கிடைத்தது. ஷிப்ட் மாறியதும் அந்தக் கடிகாரம் மாறிவிடுவதில்லை. விடியலுக்கு முன் உடம்பின் வெப்பம் தன் அன்றாடத் தாழ்நிலைக்கு இறங்கும். அந்த நேரத்தில் கவனம் தானாகவே மங்கும். வயிறு செரிக்கத் தயாராக இல்லாத மூன்று மணிக்குப் பரோட்டா உள்ளே போகும். அதனால்தான் நெஞ்செரிச்சல், வாயு, காரணம் தெரியாத எரிச்சல். ‘நைட் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது’ என்று ஒருவர் கவனித்துச் சொன்னால், அவர் தன் குணத்தைப் பற்றிச் சொல்லவில்லை. தூக்கத்தைப் பற்றிச் சொல்கிறார்.

1997-ல் ஆஸ்திரேலியாவில் ட்ரூ டாசன், காத்ரின் ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கைக்கும் கண்ணுக்கும் உள்ள ஒத்திசைவு, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடைய அளவுக்கு இறங்கிவிடுகிறது. இந்தியாவில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் உச்சம் 0.03 சதவீதம்தான். பகலில் சரியாகத் தூங்காமல் நைட்டுக்கு வந்து, ஓ.டி.யும் பார்த்துவிட்டு, மீஞ்சூர் சாலையில் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டிப் போகிறவர் ஒரு சொட்டும் குடித்திருக்க மாட்டார். ஆனாலும் அவர் உடம்பு குடித்தவரின் நிலையில்தான் இருக்கிறது. எந்த போலீஸ் ஊதுகருவியிலும் அது காட்டாது. இமை கனப்பது, கடைசி இரண்டு கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று நினைவில்லாமல் போவது, வண்டி கோட்டைத் தாண்டுவது ஆகியவைதான் அளவுகோல். இவற்றில் ஒன்று வந்தாலும் வண்டியை ஓரம் நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் கண்ணயர்வதே சரி. டீ அதற்குப் பதிலாகாது. டீ குடித்தால் தூக்கம் தெரியாமல் போகும். தூக்கக் கடன் தீராது. உள்ளே போன கஃபைனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், ஷிப்ட்டின் கடைசி மணியில் குடித்த டீ காலைத் தூக்கத்தையும் சேர்த்துக் கெடுக்கும்.

பெரிய தொழில் விபத்துகளையும் பாருங்கள்: 1979-ல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட், 1984-ல் போபால், 1986-ல் செர்னோபில். காரணங்கள் வேறு வேறு, பெரும்பங்கு நிர்வாகங்களுடையது. ஆனாலும் மூன்றும் இரவு ஷிப்ட்டில் நடந்தவை.

விரலால் காட்டி, வாயால் சொல்லி

கவனத்தைத் தொழிலோடு சேர்த்த மிக நல்ல ஏற்பாடு ஒன்று இந்த ஊர் ரயில் பாதையிலேயே தினமும் நடக்கிறது. இன்ஜினில் லோகோ பைலட்டும் அவருடைய உதவியாளரும் ஒவ்வொரு சிக்னல் வரும்போதும் அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்லி, கைகாட்டி, ஒருவருக்கொருவர் உறுதி செய்துகொள்கிறார்கள். பல வருடம் அதே பாதையில் ஓட்டியவருக்குச் சிக்னல் எங்கே வரும் என்று கண்ணை மூடிக்கொண்டே தெரியும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. தினமும் பச்சையாக இருக்கும் சிக்னலை, இன்று சிவப்பாக இருந்தாலும் பழகிய மனம் பச்சை என்றே படித்துவிடலாம். வாயும் கையும் சேரும்போது கண் உண்மையில் பார்த்தாக வேண்டியிருக்கிறது.

இதை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் ஜப்பானிய ரயில்வேக்காரர்கள். அங்கே ஓட்டுநர் மட்டுமின்றி நடைமேடை ஊழியரும் விரலை நீட்டி, பார்த்ததை உரக்கச் சொல்கிறார். 1990-களில் அந்நாட்டு ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் செய்த சோதனையில், எளிய வேலைகளில் நேரும் தவறுகள் இந்த முறையால் சுமார் 85 சதவீதம் குறைந்தன. அங்கிருந்து தொழிற்சாலைகளுக்கும் அது பரவியது. வால்வைத் திறக்கும் முன் அதன் எண்ணைத் தொட்டுச் சொல்வது, ஏணி ஏறும் முன் பெல்ட் கொக்கியைத் தொட்டுச் சொல்வது. பார்க்கிறவருக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். கூச்சத்தால் பலர் செய்வதில்லை. ஆனால் தியான வகுப்புகளில் பேசப்படும் ‘இந்தக் கணத்தில் இருப்பது’ என்பதை இதைவிட மலிவாகவும் உறுதியாகவும் கற்றுக்கொடுக்கும் முறை எனக்குத் தெரிந்து வேறில்லை. அத்திப்பட்டு முதல் கும்மிடிப்பூண்டி வரை எல்லாக் கேட்களிலும் ‘பாதுகாப்பே முதல்’ என்ற பலகை இருக்கிறது. அந்தப் பலகையும் கண்ணுக்குப் பழகிப்போன ஒன்றுதான். பலகையை யாரும் படிப்பதில்லை. வாய்விட்டுச் சொன்னதை அவரவர் காது கேட்கும்.

கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகும்போது

மாவாவைப் பற்றிப் பேசாமல் இந்த வட்டாரத்தின் உடம்பைப் பற்றிப் பேச முடியாது. தமிழ்நாட்டில் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் 2013 முதல் தடை. பொட்டலம் கிடைக்காத தெரு இருக்கிறதா என்பது வாசகருக்கே தெரியும். இதை ஒழுக்கக் கேடாகப் பார்த்துத் திட்டுவது சுலபம், பயனற்றதும்கூட. நைட் ஷிப்ட்டில் நாலு மணிக்குக் கண்ணை இழுக்கும்போது, பசியை அடக்கவேண்டியபோது, சூப்பர்வைசர் கத்திவிட்டுப் போன பிறகு, மாவா ஒரு வேலை செய்கிறது. அந்த வேலையைச் செய்ய வேறொன்றைக் கொடுக்காமல் ‘விட்டுவிடு’ என்றால் யாராலும் விட முடியாது.

நிகோட்டினின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அதனால்தான் அந்தக் கணக்கில் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகிறது. மனம் முடிவெடுப்பதற்கு முன்பே விரல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கும். ஜட்சன் ப்ரூவர் என்ற மனநல மருத்துவர் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 88 புகைப்பவர்களை வைத்து நடத்தி 2011-ல் வெளியிட்ட சோதனை இதைத்தான் பிடித்துக்கொண்டது. ஒரு பிரிவுக்கு வழக்கமான புகைவிடும் பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு, ஆசை எழும்போது அது உடம்பில் எங்கே, எப்படி இருக்கிறது என்று பார்க்கும் பயிற்சி. பதினேழாம் வாரத்தில் புகையை விட்டிருந்தவர்கள் முதல் பிரிவில் 6 சதவீதம், இரண்டாம் பிரிவில் 31 சதவீதம். சின்னச் சோதனைதான், அதை வைத்துப் பெரிதாக முழங்கக் கூடாது. ஆனால் வழி தெளிவாக இருக்கிறது. அடக்குவதற்குப் பதில் பார்க்க வேண்டும். தாடை இறுகுகிறதா, நாக்கடியில் எச்சில் ஊறுகிறதா, நெஞ்சில் ஒரு தவிப்பா? அந்தத் தவிப்பு ஏறும், உச்சத்துக்குப் போகும், சில நிமிடங்களில் இறங்கும். ஒருமுறை அது தானாக இறங்குவதைப் பார்த்துவிட்டவருக்கு அடுத்தமுறை அதன்மேல் இருக்கும் பயம் குறைந்துவிடும். இன்று பொட்டலம் வாயில் போய்விட்டாலும் பரவாயில்லை, அதையும் பாருங்கள்: கன்னத்தில் எரிச்சல், ஈறின் வழவழப்பு, பிறகு வரும் வறட்சி. உண்மையில் அது ருசிக்கிறதா என்று உடம்பிடமே கேளுங்கள்.

அதோடு ஒரு மாற்றும் வேண்டும். நாலு மணிச் சோர்வுக்கு முகம் கழுவி ஐந்து நிமிடம் நடப்பது, அரை லிட்டர் தண்ணீர், கொஞ்சம் வேர்க்கடலை. புதுப் பழக்கம் ஊறிப்போக எத்தனை நாள் என்று லண்டனில் 96 பேரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை என்று கணித்தார்கள். இருபத்தொரு நாளில் எல்லாம் மாறும் என்று சொல்லும் வீடியோக்களை நம்பி, இருபத்திரண்டாம் நாள் தோற்றுவிட்டதாக நினைத்து மனம் உடைந்தவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். நடுவில் ஒருநாள் தவறினாலும் கணக்கு பூஜ்யத்துக்குப் போவதில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது.

நெசவாளியிடமிருந்து வந்த பயிற்சி

நம்மூரில் உடம்பையும் மனதையும் கவனிக்கும் பயிற்சியை உழைப்பாளிக்கு ஏற்றபடி வடிவமைத்தவர் வேதாத்திரி மகரிஷி. 1911-ல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தறியில் உட்கார்ந்த உடம்பு எங்கே வலிக்கும் என்பது அவருக்கு ஏட்டில் படித்த சேதி இல்லை. 1958-ல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார், 2006-ல் மறைந்தார். இன்று சிறு ஊர்களிலும் அவருடைய மனவளக்கலை மன்றங்கள் இருக்கின்றன. அவருடைய எளியமுறை உடற்பயிற்சியில் கை, கால், மூச்சு, கண், மகராசனம், உடல் தேய்த்தல், கடைசியில் உடல் தளர்த்துதல் என்று ஒரு வரிசை உண்டு. வீட்டை விட்டு, வேலையை விட்டு எங்கும் போகவேண்டியதில்லை.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் அகத்தாய்வு என்று அழைத்த பகுதி. எண்ணத்தை ஆராய்வது, ஆசையைச் சீரமைப்பது, சினத்தைத் தவிர்ப்பது, கவலையை ஒழிப்பது என்று நான்கு படிகள். ஆசையை ஒழி என்று சொல்லாமல் சீரமை என்றார் பாருங்கள், அங்கே ஒரு குடும்பஸ்தனின் அறிவு தெரிகிறது. சினம் யார்மேல், எந்த நேரத்தில், எதனால் வருகிறது என்று பட்டியல் போட்டுப் பார்த்தால், அதில் பாதி பசி நேரத்திலும் தூக்கம் கெட்ட நாளிலும் வந்திருக்கும். அமெரிக்காவில் ஜான் கபாட்-ஸின், நாள்பட்ட வலிக்காரர்களுக்கு உடம்பைப் பாதம் முதல் தலை வரை கவனிக்கும் எட்டு வாரப் பயிற்சியை மாசசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1979-ல் தொடங்கினார். உலகம் அதை அறிந்திருக்கும் அளவுக்கு, மாலை ஷிப்ட் முடித்து மன்றத்துக்குப் போய்வந்த நம்மூர் மில் தொழிலாளியின் அனுபவத்தை யாரும் ஆராய்ந்து எழுதவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

எண்ணூரில் பர்மா நகர் இருக்கிறது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் குடியேறிய இடம். அதே பர்மாவில், சுதந்திரத்துக்குப் பின் கணக்குத் தலைமை அதிகாரியாக இருந்த ஊ பா கின், தன் அலுவலக ஊழியர்களுக்கே விபாசனா தியானம் கற்றுக்கொடுத்தவர். ஒற்றைத் தலைவலிக்கு மார்ஃபின் ஊசி வரை போய்விட்ட தொழிலதிபர் கோயங்கா, 1955-ல் அவரிடம் வந்தார். தலைவலிக்காக மட்டும் வருவதென்றால் வேண்டாம் என்று ஊ பா கின் மறுத்ததைக் கோயங்காவே பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். உடம்பின் உணர்வுகளை விரும்பாமலும் வெறுக்காமலும் பார்ப்பதே பயிற்சி. வலி போவது அதன் உபரி. 1969-ல் கோயங்கா இந்தியாவுக்குக் கொண்டுவந்த அந்த முறையின் மையம் ஒன்று சென்னைப் புறநகர் திருமுடிவாக்கத்தை ஒட்டி இருக்கிறது.

இவற்றின் எல்லையையும் சொல்லவேண்டும். 2014-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 47 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, தியானப் பயிற்சிகள் பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றை ஓரளவு குறைக்கின்றன என்றது. மருந்தையோ உடற்பயிற்சியையோ விட மேல் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றும் சொன்னது. ஆகவே பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு மூச்சுப்பயிற்சியில் இறங்குவது தவறு. நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ ஓடும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் கவனித்துக்கொண்டிருக்கக் கூடாது, 108-ஐ அழைக்கவேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைத் தரும் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023 முதல் இருக்கிறது. ‘வாயுப் பிடிப்பு’ என்று சோடா குடித்துக் கழித்த ஒரு மணி நேரம் உயிரைக் கொண்டுபோய்விடும்.

உன் தவறு எது, உன் தவறில்லாதது எது?

இனிச் சொல்வதைத்தான் இந்தக் கட்டுரையின் நடுப்புள்ளியாக நினைக்கிறேன். உடம்பைக் கவனிக்கச் சொல்லும் பயிற்சிகளை நிர்வாகங்கள் விரும்புகின்றன. ஆண்டுக்கொருமுறை யோகா தினத்தில் பனியன் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கின்றன. பயிற்சியில் தவறில்லை. ஆனால் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைத்துவிட்டு, ‘மனஅழுத்தத்தைச் சமாளிக்கக் கற்றுக்கொள்’ என்பது நியாயமில்லை. கவனிக்கக் கற்றவர் தன் பழக்கத்தை மட்டும் திருத்திக்கொண்டு அமைதியாகிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது அந்தக் கலைக்கே செய்யும் அவமரியாதை.

தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை செய்த ஆய்வைப் பாருங்கள். ஏழு உப்பளங்கள், 352 பேர். பெரும்பாலோர் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள்; சுமார் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்திருந்தது. வெயிலில் நிற்கும் பெண்கள் தண்ணீர் குடிப்பதைத் தவிர்ப்பதற்குக் காரணம் சோம்பலோ அறியாமையோ இல்லை. ஒதுங்க இடமில்லை. தாகம் உடம்பு சொல்லும் சேதி; அதைக் கேட்காமல் இருக்க அந்தப் பெண் பல வருடம் பயின்றிருக்கிறார். ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள் அம்மா’ என்று அவருக்குப் புத்தி சொல்வதில் என்ன பயன்? கழிப்பறை கட்டினால் பழக்கம் தானாக மாறும். அத்திப்பட்டு, கும்மிடிப்பூண்டி கட்டுமான இடங்களில் சித்தாள் வேலை பார்க்கும் பெண்களின் கதையும் இதேதான்.

ஜவுளிக்கடைகளில் பத்து மணி நேரம் நின்றபடி புடவை விரித்த பெண்களின் கால் வீக்கமும் ‘பழகிடுச்சு’ என்றுதான் பல காலம் சொல்லப்பட்டது. கேரளத்தில் பெண்கள் போராடியதால் 2018-ல் உட்காரும் உரிமை சட்டமானது. தமிழ்நாடு 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது. கால் வலிக்கிறது என்று ஒருத்தி கவனித்து, பக்கத்தில் நிற்பவளுக்கும் வலிக்கிறதா என்று கேட்டதில் தொடங்கியது அது. 2023 ஏப்ரலில் நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். 1923-ல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய சென்னையில், சரியாக நூறாவது ஆண்டில் மறுபடியும் எட்டு மணி நேரத்தைக் காப்பாற்றவேண்டி வந்தது. உடம்பைக் கேட்பவர்களால்தான் இப்படிக் கேட்க முடியும்.

ஆகவே நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றில் நான் மாற்றக்கூடியது: நாலு மணி மாவா, கடைசி டீ, படுக்கையில் செல்போன், காதடைப்பானைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பது. இன்னொன்றில் நான் மட்டும் மாற்ற முடியாதது: ஏழு நாளும் நைட், தூசி பறக்கும் கன்வேயர், தண்ணீர்க் குழாய் இல்லாத யார்டு, அறையில் எட்டுப் பேர். முதல் பத்தியை நீங்கள் பாருங்கள். இரண்டாவதைச் சங்கத்திடம், பாதுகாப்புக் குழுவிடம், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம் கொண்டுபோங்கள். ஒப்பந்தத் தொழிலாளி தனியாகக் கேட்டால் மறுநாள் கேட் பாஸ் இருக்காது என்ற பயம் நியாயமானது. அதனால்தான் பத்துப் பேரின் நோட்டு ஒரே நேரத்தில் போகவேண்டும் என்கிறேன்.

நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தினமும் ஷிப்ட் தொடங்கும்போது டூல்பாக்ஸ் மீட்டிங் நடக்கிறது. உறுதிமொழியை ஒப்பிப்பதற்கு முன் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய், தலை கனக்கிறதா, உயரத்தில் ஏறும் நிலையில் இருக்கிறாயா என்று ஒவ்வொருவரையும் அவருக்குத் தெரிந்த மொழியில், தமிழிலோ ஒடியாவிலோ இந்தியிலோ கேளுங்கள். ‘இல்லை’ என்று சொல்கிறவருக்கு அன்று தரைமட்ட வேலை கொடுங்கள், சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். சம்பளம் போகும் என்றால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். பணியிடங்களுக்கே வந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கும் அரசின் பரிசோதனைத் திட்டம் 2024 முதல் நடக்கிறது. அதை ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

வாசகர்களுக்கு: தூக்கமின்மை, பதற்றம், வாழ்க்கையே வெறுத்துப்போன நினைப்பு இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். புகையிலையை விட உதவி வேண்டுமென்றால் 1800-11-2356. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. இந்த எண்களை உங்கள் ஷிப்ட் வாட்ஸ்அப் குரூப்பில் இன்றே போடுங்கள்.